6,000 ரூபாய் கன்ட்ரோலர் வாங்கலாமா? முதல்ல கட்டைவிரலைக் கேளுங்க

போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "சார், கைக்கு மாசம் 32,000 வருது. 6,000 ரூபாய்க்கு கேம் கன்ட்ரோலர் வாங்கினா நான் ஊதாரியா?"

ஆடிட்டர்கிட்ட இப்படிக் கேட்டா, "அந்தக் காசை எஸ்ஐபில போடுங்க"ன்னுதான் பதில் வரும்னு நினைப்பீங்க. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. என் மேஜை டிராயர்ல மூணு கன்ட்ரோலர் இருக்கு. அதனால அந்த 6,000 எதுக்குப் போகுதுன்னு முதல்ல பார்ப்போம்.

நம்மள்ல நிறைய பேருக்கு முதல் கன்ட்ரோலர், கேசட் போட்டு விளையாடின டிவி கேமோட வந்ததுதான். இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும்ல? அதை நின்டெண்டோவில் வேலை பார்த்த குன்பெய் யோக்கோய், 1982ல் வந்த டாங்கி காங் கையடக்க கேமுக்காக வடிவமைச்சார். அந்தக் கூட்டலுக்கு நடுவுல, அடியில ஒரு சின்ன முனை இருக்கும். பட்டன் அதுமேல சாயும். இடது பக்கம் அழுத்தினா வலது பக்கம் தானா எழும்பும். கண்ணால பார்க்காமலே எந்தப் பக்கம் அழுத்துறோம்னு விரலுக்குத் தெரியும். ரப்பர் தேஞ்சு பட்டன் வேலை செய்யலைன்னா, கழட்டி உள்ள பென்சில் கரியைத் தேய்ச்சு ஓட்டின ஆளுங்க இங்க எத்தனை பேர்?

அடுத்து எனக்குப் பிடிச்சது 2001ல் வந்த கேம்கியூப் கன்ட்ரோலர். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனா நடுவுல பெருசா ஒரு பச்சை ஏ பட்டன், அதைச் சுத்தி வேற வேற வடிவத்துல மத்த பட்டன்கள். ஒவ்வொரு பட்டனையும் அதோட வடிவத்தை வச்சே விரல் கண்டுபிடிச்சிடும். ஸ்மாஷ் பிரதர்ஸ் விளையாடுறவங்க இன்னைக்கும் இதை விட மாட்டேங்கிறாங்க. அவங்களுக்காகவே நின்டெண்டோ 2014ல் ஒரு அடாப்டரும், கூடவே அதே கன்ட்ரோலரைத் திரும்பவும் வெளியிட வேண்டியதாச்சு.

ட்ரிக்கர் சமாச்சாரம் தனி. கீபோர்டுல கார் ஓட்டினா ஒண்ணு முழு வேகம், இல்லைன்னா பூஜ்யம். நல்ல ட்ரிக்கர்ல பாதி அழுத்தினா பாதி வேகம். பிளேஸ்டேஷன் 5 கூட 2020ல் வந்த டூயல்சென்ஸ் இன்னும் ஒரு படி மேல போச்சு: உள்ள இருக்கிற மோட்டார் விரலைத் திருப்பித் தள்ளும். ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம்னு கன்சோல்லயே இலவசமா வர்ற கேமை விளையாடிப் பாருங்க, ஸ்பிரிங்கை அமுக்குற மாதிரியே கைக்குத் தெரியும். முதல் தடவை நான் சின்னப் பையன் மாதிரி சிரிச்சேன். ஆனா அதுக்குன்னே செஞ்ச கேம் இல்லைன்னா அந்த மோட்டார் சும்மா உட்கார்ந்திருக்கும். காசு மட்டும் முழுசா கொடுத்திருப்பீங்க.

இப்போ என் கணக்குக்கு வர்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல 2,400 ரூபாய்க்கு ஒயர் வச்ச எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கினேன். அதோட டி-பேட் மகா மட்டம், மேல அழுத்தினா பக்கவாட்டுல போகும். ஆனா ட்ரிக்கரும் கைப்பிடியும் அவ்வளவு சுகம். வாரம் ஆறு மணி நேரம்னு வச்சா வருஷத்துக்கு 300 மணி நேரம். எட்டு வருஷம் உழைச்சுது. 2,400 மணி நேரத்துக்கு 2,400 ரூபாய், அதாவது மணிக்கு ஒரு ரூபாய்.

அப்புறம் சம்பளம் ஏறினதும் 6,000 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். பிராண்டு பேர் வேண்டாம். பதினாலாவது மாசம், நான் ஸ்டிக்கைத் தொடாமலே ஹீரோ தானா நடந்து போய் பள்ளத்துல விழுந்தார். வாரண்டி ஒரு வருஷம்தான். 350 மணி நேரம்னு போட்டா மணிக்கு 17 ரூபாய் ஆச்சு. சினிமா டிக்கெட்டோட பார்த்தா அதுவும் சல்லிசுதான், ஒத்துக்கிறேன். ஆனா வாங்கும்போது நான் மனசுல போட்ட கணக்கு அது இல்லையே!

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பிரிச்சு விளக்குக்குக் கீழ காட்டினார். "இங்க பாருங்க தம்பி, கார்பன் பட்டை தேஞ்சு போச்சு. இதுமேலதான் ஒரு சின்னத் தகடு உரசிக்கிட்டே இருக்கும். விளையாட விளையாட தேயத்தானே செய்யும்?"

ஸ்டிக்குக்கு அடியில இருக்கிறது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவோட வால்யூம் திருகு மாதிரி. பட்டை தேஞ்சா, நடுப்புள்ளி எதுன்னு அதுக்கே குழப்பம் வந்துடும். இதைத்தான் ட்ரிஃப்ட்னு சொல்றாங்க. நின்டெண்டோ ஸ்விட்சோட ஜாய்-கான்ல இந்தப் பிரச்சினை பெருசாகி, 2019ல் அமெரிக்காவுல வழக்கு வரைக்கும் போச்சு. 2020ல் அந்தக் கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார்.

இதுக்கு மாற்று இல்லாம இல்ல. ஹால் எஃபெக்ட் ஸ்டிக்ல உரசலே கிடையாது. காந்தம் அசையும், சென்சார் தள்ளி நின்னு அளக்கும். 1998ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்லயே இந்த நுட்பம் இருந்துச்சு. ஆனா இன்னைக்கும் பெரிய கம்பெனிகளோட சாதாரண கன்ட்ரோலர்கள்ல தேயுற ஐட்டம்தான் வருது. 8பிட்டோ, கேம்சர் மாதிரி சின்ன கம்பெனிகள் அவங்களைவிடக் குறைஞ்ச விலையிலயே காந்த ஸ்டிக் கொடுக்கிறாங்க. எனக்கு இது கொஞ்சம் கடுப்பாவே இருக்கு.

அண்ணன் ரெண்டு பக்கமும் காந்த ஸ்டிக் மாட்டி, அளவு சரிபண்ணி, 900 ரூபாய் வாங்கினார். இன்னும் ஓடுது.

தம்பி மெயில்ல இன்னொரு வரியும் இருந்துச்சு: "நோ-காஸ்ட் இஎம்ஐ இருக்கு சார்." அங்கதான் நிறுத்தினேன். 6,000 ரூபாய், ஆறு மாசம், உள்ளுக்குள்ள 15 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. வட்டி சுமார் 254 ரூபாய். அதை டிஸ்கவுன்டா கழிச்சுடுவாங்க, சரி. ஆனா அந்த வட்டிமேல 18 சதவீத ஜிஎஸ்டி, 46 ரூபாய், உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ 199ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 281 ரூபாய். "நோ-காஸ்ட்"டுக்கு 281 ரூபாய் காஸ்ட்! முழுப் பணம் கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடி ஏதாவது இருந்தா அதுவும் போச்சு.

அவருக்கு நான் எழுதின பதில் இதுதான். பிசியில விளையாடுறீங்கன்னா காந்த ஸ்டிக் வச்சது பாருங்க. பேட்டரியைக் கழட்டி மாத்த முடியுமான்னும் பாருங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ரெண்டு ஏஏ பேட்டரியில ஓடுறதை நிறைய பேர் கிண்டல் பண்றாங்க, ஆனா பேட்டரி செத்தா கடைக்குப் போனா முடிஞ்சுது. பிளேஸ்டேஷன் 5ன்னா டூயல்சென்ஸ்தான், வேற வழி கம்மி. மூணு மாசம் 2,000 எடுத்து வச்சு மொத்தமா வாங்குங்க. அதுக்கு நடுவுல ஃப்ரெண்டு வீட்டுல அதே மாடலை ஒரு மணி நேரம் பிடிச்சு விளையாடிப் பாருங்க. கை வலிச்சா 6,000 மிச்சம். வாங்கினா பில்லை அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. கடையில கொடுக்கிற அந்தப் பளபள பேப்பர்ல எழுத்து வாரண்டி முடியுறதுக்குள்ளயே அழிஞ்சிடும்.