மானுக்கு விதைத்த வயலில் புல் அறுக்கலாமா?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் சொந்தமாகக் காடு வைத்திருப்பவர்கள் பலர், அதன் நடுவே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் திருத்தி வெள்ளைவால் மான்களுக்கென்றே பயிர் செய்கிறார்கள். வேட்டைப் பருவத்தில் மான் அங்கே வர வேண்டும் என்பது ஒரு நோக்கம். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்மானுக்கும் கொம்பு வளரும் கிடாவுக்கும் புரதம் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பெரும்பாலும் விதைப்பது வெள்ளைக் குளோவர், சிவப்புக் குளோவர், குதிரைமசால். மூன்றும் மாடும் குதிரையும் விரும்பித் தின்பவை. மான் தின்றது போக மீதியை அறுத்து உலர்த்திக் கட்டுகளாக்கினால் என்ன என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

அறுப்பது பயிருக்கு நல்லதே. மான் முற்றிய தண்டை ஒதுக்கிவிட்டு இளந்துளிரைத்தான் தேடும். களைகளும் விதை பிடிக்குமுன் வெட்டுப்படும். தரையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் விட்டு அறுத்தால் வெள்ளைக் குளோவர் சீக்கிரம் தழைக்கும். அறுத்த தழை தடிமனாகக் கிடந்தால் அடியிலுள்ள செடி வெளிச்சமின்றி வாடும் என்பதால், அதை அள்ளி எடுப்பதும் உதவிதான்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. குதிரைமசாலைச் சத்தோடு உலர்த்த வேண்டுமானால் பூக்கத் தொடங்கும்போதே அறுக்க வேண்டும். பல மாநிலங்களில் அது மே கடைசி, ஜூன் மாதம். மான் குட்டி ஈனுவதும் அப்போதுதான். பிறந்த முதல் சில வாரங்களில் குட்டி ஓடாது. ஆபத்து நெருங்கினால் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். வேட்டை விலங்குகளிடமிருந்து அதைக் காக்கும் அதே குணம் அறுவடை இயந்திரத்தின் முன் உயிரைப் பறிக்கிறது. காட்டு வான்கோழி சுமார் 28 நாளும் பாப்வைட் காடை சுமார் 23 நாளும் தரையில் அடைகாக்கும். அவையும் எளிதில் எழுந்து போவதில்லை. மானுக்கென்று விதைத்த இடத்தில் மான்குட்டி வெட்டுப்படக் கூடாது. எனவே முதல் அறுப்பை ஜூலைக் கடைசிக்குத் தள்ளுவதே சரி. புல் சற்று முற்றி நாராகும், அந்த நட்டத்தை ஏற்க வேண்டியதுதான். ஆனால் கடும் வறட்சி நிலவினால் அப்போதும் கை வைக்காதீர்கள்.

முன்னதாக அறுத்தே ஆக வேண்டுமென்றால் வயலை நெருக்கமாக நடந்து தேடிவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து சுற்றினால் உயிர்கள் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஜெர்மனியில் விடியற்காலையில் வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோன்களைப் பறக்கவிட்டுக் குட்டிகளைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்துகிறார்கள்.

அடுத்தது மண். வயலிலேயே மட்கும் தழை சத்தைத் திருப்பித் தரும், கட்டாக வெளியேறும் தழை தராது. தழைச்சத்தை வேர் முடிச்சுகள் ஈடுசெய்யும். மற்றவற்றை நாம்தான் இட வேண்டும். 1 டன் உலர்ந்த குதிரைமசாலோடு சுமார் 25 கிலோ பொட்டாஷும் 6 கிலோ பாஸ்பேட்டும் வயலைவிட்டுப் போகின்றன. மண் பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் அறுத்தால் குளோவர் மெலிந்து களை ஏறிவிடும்.

காடு சூழ்ந்த சிறு வயலில் நிழல் அதிகம், காற்று குறைவு. அதனால் புல் காய நாளாகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கட்டினால் பூசணம் பிடிக்கும். உள்ளே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ சத்துள்ள இலை உதிர்ந்து வெறும் தண்டு மிஞ்சும். காலைப் பனி ஈரம் இருக்கும்போதே வாரிச் சேர்ப்பது இதற்காகத்தான். சிவப்புக் குளோவரில் வரும் ஒருவகைப் பூசணம் குதிரைகளுக்கு ஓயாமல் எச்சில் ஒழுகச் செய்யும்.

குதிரைமசாலின் கடைசி அறுப்பு, கடும் உறைபனிக்கு 4 முதல் 6 வாரம் முன்பே முடிய வேண்டும். களைக்கொல்லி தெளித்திருந்தால் கலனில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள்: சில மருந்துகள் பட்ட புல்லைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது. நிலம் மத்திய அரசின் நிலப் பாதுகாப்புத் திட்ட ஒப்பந்தத்தில் இருந்தால், அனுமதியின்றி ஒரு கட்டுகூட அறுத்தெடுக்க முடியாது.