குளத்து நீரும் சிறுவர் கண்களும்

கண் சிவந்து நீர் வடிந்தால் இப்பெங்களூரில் 'மெட்ராஸ் ஐ' என்று உடனே பெயர் சூட்டிவிடுகின்றனர். நம்மவர் ஊரின் பெயரை நோய்க்கு வைத்தார்களே என்று வருந்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் அதுவே வழக்கு. ஆனால், சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அன்று. விடுமுறைக்கு ஊர் சென்று குளத்தில் குதித்தாடும் நண்பர்கள் அறிய வேண்டிய வேறொரு கண்ணோயும் உண்டு.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சிறுவர் பலர் சிவந்த கண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். சிலருக்கு வெண்விழியின்மேல் சிறு கட்டி; சிலருக்குக் கண்ணின் உள்ளேயே முத்துப்போல் வெண்ணிறக் கட்டி. இத்தகைய கட்டி காசநோயாலும் வரக்கூடும். ஆதலால் மருத்துவரின் ஐயம் முதலில் அத்திசையில் செல்வது இயல்பே. ஆயினும் இச்சிறுவர்களிடம் ஒரு பொதுமை இருந்தது: அனைவரும் குளத்திலோ ஆற்றிலோ குளித்தவர்கள். டாக்டர் எஸ். ஆர். இரத்தினம் முதலானோர் இதை ஆராய்ந்து, தட்டைப்புழு ஒன்றே காரணமாகலாம் என 2001-இல் எழுதினர்.

எந்தப் புழு? அறுவை செய்தெடுத்த கட்டிகளின் மரபணுவையும், சிறுவர்கள் குளித்த நீரிலிருந்த நத்தைகள் வெளியிட்ட இளம்புழுக்களின் மரபணுவையும் ஒப்பிட்டனர். இரண்டும் 'புரோசெரோவம் வேரியம்' என்னும் தட்டைப்புழுவோடு மிக நெருங்கிப் பொருந்தின. இம்முடிவு 2016-இல் வெளியாயிற்று. நத்தையின் பெயர் 'மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா'. நீண்டு திருகிய ஓடுடைய சிறு நத்தை அது. குளக்கரையில் அதைப் பொருட்படுத்துவார் யார்?

இப்புழுவின் வாழ்க்கைச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. நத்தையை விட்டு வெளிவரும் இளம்புழு மீனைத் தேடி நீந்துகிறது. அம்மீனைத் தின்னும் நீர்ப்பறவையின் குடலில் அது முதிர்கிறது. அதன் முட்டை பறவையின் எச்சத்தோடு மீண்டும் நீரில் விழுந்து நத்தையை அடைகிறது. இடையே மீனுக்குப் பதிலாகச் சிறுவனின் கண்ணில் புகுந்துவிட்டால் வழி தவறியதுதான். அங்கே அது முதிர முடிவதில்லை. உடல் அதனை வளைத்துச் சூழ்ந்து போராடுகிறது; அப்போராட்டமே கட்டியாகிறது. உட்கண்ணில் வீக்கம் நீடித்தால் பார்வை கெடவும் கூடும்.

சிறு கட்டிகளுக்கு ஸ்டீராய்டு மருந்து போதுமானதாகலாம். பெரியவற்றை அறுவை செய்து அகற்றுகின்றனர். மெட்ராஸ் ஐ போல இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே ஒரே தெருச் சிறுவர் நால்வருக்குக் கண்ணில் கட்டி கண்டால், அவர்கள் குளித்த குளம் எது என்பதை மருத்துவரிடம் தவறாது கூறுக.