நான்குக்கு மேல் ஏன் கூடாது?

"தாத்தா, இந்தச் சீட்டு என்னிடம் ஒன்பது இருக்கிறது. நான்கைத்தான் கட்டில் வைக்கலாம் என்றால், மீதி ஐந்தை எதற்கு வாங்கினேன்?" விடுமுறைக்கு வந்திருந்த பேரன் என்னிடம் கேட்ட கேள்வி இது. நீண்ட காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் உடனே விடை சொல்லியிருக்க வேண்டும்; முடியவில்லை. அந்த விளையாட்டின் விதிகளைப் படித்த பிறகுதான், பொருளியலின் பழைய வழக்கு ஒன்று அதற்குள் இருப்பது புரிந்தது. அரிதான ஒரு பொருளை ஒருவர் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை அவரது பணப்பை முடிவு செய்ய வேண்டுமா, பொது விதி முடிவு செய்ய வேண்டுமா என்பதே அந்த வழக்கு.

அவன் ஆடுவது 'மேஜிக்: த கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டு. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த இதை, அமெரிக்காவின் 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. நாம் அறிந்த சீட்டாட்டத்தில் 52 சீட்டுகள் கொண்ட ஒரே கட்டு அனைவருக்கும் பொது. இதிலோ ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே உருவாக்கிக் கொண்டுவருகிறார்கள். சீட்டுகளில் மந்திரங்கள், விலங்குகள், வீரர்கள் எனப் பலவகை உண்டு. நிலச் சீட்டுகள் 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். அதைச் செலவிட்டே மற்றவற்றை இயக்க முடியும். இருவர் ஆடும்போது ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்குவதே வெற்றிக்கான பொதுவான வழி.

சீட்டுகளை உறைகளில் அடைத்து விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது பிரிக்கும்வரை தெரியாது. சில சீட்டுகள் ஏராளமாக அச்சிடப்படும், சில அரிதாகவே கிடைக்கும். தொடக்கத்தில் கட்டு அமைப்பதற்கு இருந்த விதி மிக எளியது: குறைந்தது 40 சீட்டுகள் வேண்டும். ஒரே சீட்டில் எத்தனை பிரதிகள் வைக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. மக்கள் அளவாகவே வாங்குவார்கள், வலிமை மிக்க அரிய சீட்டு ஒரு நண்பர் குழுவுக்கு ஒன்றிரண்டுதான் வந்துசேரும் என்று கார்ஃபீல்டு எதிர்பார்த்தார். அரிதாக இருப்பதே கட்டுப்பாடாகிவிடும் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கை பொய்த்தது. விளையாட்டு எதிர்பாராத வேகத்தில் விற்றது. வசதி உள்ளவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். வேண்டிய சீட்டைப் பிறரிடமிருந்தும் விலைக்கு வாங்கினார்கள். விளைவை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 'லைட்னிங் போல்ட்' என்ற மின்னல் சீட்டு, ஒரே ஓர் ஆற்றலுக்கு மூன்று புள்ளிகளைப் பறிக்கும். ஏழு மின்னல்கள் 21 புள்ளிகள். எதிராளியிடம் இருப்பதோ 20. எனவே பாதி மின்னலும் பாதி நிலமுமாக 40 சீட்டுகளை அடுக்கி வருபவருக்குச் சிந்திக்க வேண்டிய தேவையே இல்லை. எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவும் வேண்டாம்.

1994-இன் தொடக்கத்தில் போட்டிகளை முறைப்படுத்தியபோது விதிகள் மாறின. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் நான்கு பிரதிகளுக்கு மேல் கூடாது. மிக வலிமையானவை சிலவற்றுக்கு ஒரு பிரதி மட்டும். வேறு சில முற்றிலும் தடை. விலை எதுவும் கேட்காமல் மூன்று ஆற்றலைத் தரும் 'பிளாக் லோட்டஸ்' இன்றும் 'விண்டேஜ்' என்னும் போட்டி வகையில் ஒரே ஒரு பிரதியாகத்தான் அனுமதிக்கப்படுகிறது.

இந்த எண்களின் பொருள் நிகழ்தகவில் இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் கையில் எடுப்பது ஏழு சீட்டுகள். 60 சீட்டுகளில் நான்கு பிரதிகள் இருந்தால், அவற்றில் ஒன்றாவது முதல் கையில் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. ஒரே பிரதி என்றால் 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நம்பித் திட்டமிடப் போதுமான வாய்ப்பு, ஆனால் உறுதி என்று சொல்லிவிட முடியாத வாய்ப்பு: அந்த இடைவெளியில்தான் ஆட்டம் நடக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 60 என்பது கீழ்வரம்பு மட்டுமே. கட்டைக் கலைக்க முடிகிற அளவுக்குப் பெரிதாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சரியாக 60-இல் நின்றுவிடுகிறார்கள். கட்டை 80 ஆக்கினால் மேற்சொன்ன 40 விழுக்காடு 31 ஆக இறங்கிவிடும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சீட்டும், சிறந்த சீட்டு கைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறது. வகுப்பறையில் வாய்ப்புச் செலவு என்று நாங்கள் விளக்கியது இதைத்தான்: 61-ஆவது சீட்டை இனாமாகத் தந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. மேல்வரம்பை விதி சொல்லவில்லை. தன்னலமே அதை வகுத்துக்கொள்கிறது. பிரதிகளின் எண்ணிக்கையில் மட்டும் தன்னலம் எதிர்த் திசையில் இழுக்கும் என்பதால் அங்கே விதி தேவைப்பட்டது.

நான்கு என்ற வரம்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பன்மையைக் கட்டாயமாக்குகிறது. 60-இல் வழக்கமாக 24 அளவில் நிலங்கள் போகும். மீதி 36 இடங்களை நிரப்பக் குறைந்தது ஒன்பது வெவ்வேறு சீட்டுகள் வேண்டும். சிறந்ததை நான்கோடு நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேட வேண்டியிருப்பதால், கவனிக்கப்படாமல் கிடந்த சீட்டுகளுக்கும் இடம் கிடைக்கிறது. இரண்டாவது, பதுக்கலின் பயனைத் துண்டிக்கிறது. ஒரு கட்டுக்கு ஐந்தாவது பிரதி எந்த வலிமையையும் சேர்ப்பதில்லை. அதை வைத்திருப்பவருக்குப் பயனில்லை, இல்லாதவருக்குப் பயனுண்டு. ஆகவே அது கைமாறுகிறது. பங்கீட்டு அட்டையின் தர்க்கமும் ஏறக்குறைய இதுவே.

இந்த விதி பணப்பையைக் கட்டுப்படுத்தவே வந்தது என்பதற்கு, அதே விளையாட்டின் இன்னொரு முறை சான்றாகிறது. 'டிராஃப்ட்' என்னும் அம்முறையில் பொதுவாக எட்டுப் பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஆளுக்கு மூன்று உறைகள். ஒன்றைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தர வேண்டும். இப்படிச் சேர்த்ததைக் கொண்டு குறைந்தது 40 சீட்டுகளில் கட்டு அமைக்க வேண்டும். இங்கே நான்கு என்ற வரம்பு கிடையாது. ஒரே சீட்டு ஆறு கிடைத்தால் ஆறையும் வைத்துக்கொள்ளலாம். காரணம் எளிது. இங்கே பற்றாக்குறை உண்மையானது, அனைவருக்கும் சமமானது. கூடுதல் பணத்தால் கூடுதல் உறை வாங்க முடியாத இடத்தில் அந்த விதிக்கு வேலையில்லை.

ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. நான்கு என்ற விதி எண்ணிக்கையை வரம்புக்குள் வைத்ததே தவிர, விலையைத் தொடவில்லை. அந்த நான்கையும் வாங்க இயலாதவர் என்ன செய்வார்? 1995-இல் பழைய சீட்டுகள் சில மறு அச்சாக வெளிவந்தபோது, சேகரிப்பாளர்கள் தம் கையிருப்பின் மதிப்புக் குறைகிறது என்று கொதித்தார்கள். 1996-இல் நிறுவனம், குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி ஒருபோதும் மறு அச்சிடுவதில்லை என்று வாக்குறுதி தந்தது. அது இன்றும் நீடிக்கிறது. வைத்திருப்பவரின் சொத்தைக் காத்த அந்த வாக்குறுதி, பின்னால் வருபவர்கள் நுழையும் வாயிலைக் குறுக்கிவிட்டது. முதல் அச்சின் பிளாக் லோட்டஸ் ஒன்று 2021-இல் 5 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

இதற்கு மாற்றாக எழுந்தவையும் கட்டு விதிகள்தாம். அண்மைக்கால வெளியீடுகளை மட்டும் அனுமதிக்கும் 'ஸ்டாண்டர்டு' வகை 1995-இல் வந்தது. புதியவர் பழஞ்சீட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, நிறுவனத்துக்கும் புதிய சரக்கு விற்கும். அதைவிட எனக்குப் பிடித்தது 'பாப்பர்', அதாவது ஏழை என்ற பெயருடைய வகை. மலிவாக அச்சிடப்படும் சாதாரணச் சீட்டுகளைக் கொண்டே அதில் கட்டு அமைக்க வேண்டும்.

விதி வகுப்பவர் எந்த இடரில் நிற்கிறார் என்பதை 2024 செப்டம்பர் காட்டியது. 'கமாண்டர்' என்னும் புகழ்பெற்ற வகையில் கட்டுக்கு 100 சீட்டுகள். அடிப்படை நிலங்களைத் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. அதன் விதிகளை நிறுவனத்துக்கு வெளியே இருந்த தன்னார்வக் குழு ஒன்று பராமரித்து வந்தது. ஆட்டத்தை அளவுக்கு மீறி வேகப்படுத்துகின்றன என்று கருதி, 'மானா கிரிப்ட்', 'ஜுவல்டு லோட்டஸ்' உள்ளிட்ட விலையுயர்ந்த சில சீட்டுகளை அக்குழு தடை செய்தது. அவற்றின் விலை சரிந்தது. குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு வாரத்துக்குள் பொறுப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆட்டத்தின் நலனுக்காக விதியைத் திருத்தியவர்கள், சொத்துக்காரர்களின் சினத்துக்கு ஆளானார்கள். இனி அந்த வகையில் எதைத் தடுப்பது என்பதை, சீட்டுகளை அச்சிட்டு விற்பவரே முடிவு செய்வார். இது எனக்கு உவப்பாக இல்லை. வணிக நலன் உள்ளவரிடம் கட்டுப்படுத்தும் அதிகாரமும் சேர்வது, சீட்டு மேசையில் மட்டுமே நிகழும் கேடு அல்ல.

பேரனுக்கு நான் இறுதியில் சொன்ன விடை இதுதான்: "மீதி ஐந்தால் உன் கட்டு வலுப்பெறாது. அது இல்லாத ஒருவனோடு மாற்றிக்கொள். அந்த மாற்று நடக்க வேண்டும் என்றுதான் விதி உன்னை நான்கில் நிறுத்துகிறது." இரண்டு நாள் கழித்து, இரண்டைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாத வேறொன்றைப் பெற்று வந்தான். மற்ற மூன்றும் இன்னும் அவன் பெட்டியில்தான் இருக்கின்றன. கேட்டேன். விலை ஏறும் என்று காத்திருக்கிறானாம்.