கண்ணாடி முன் ஒரு பென்சில்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தை அதன் மேலேயே சோப்புத் துண்டால் கோடிழுத்துப் பாருங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்தால், அந்த முகம் உண்மை அளவில் சரிபாதிதான் இருக்கும். பின்னால் தள்ளி நின்று பார்த்தாலும் அதே பாதிதான். தினமும் தலைவாரும் கண்ணாடியில்கூட இதை நாம் கவனித்திருக்க மாட்டோம். கண் பார்ப்பது ஒன்று, மனம் எழுதிக்கொள்வது வேறொன்று. தன் முகத்தைத் தானே பென்சிலில் வரைவது அருமையான பயிற்சியாக இருப்பது இதனால்தான்.

முதன்முதலாக முகம் வரைகிறவர்கள் பெரும்பாலும் கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றியையும் உச்சந்தலையையும் மனம் பொருட்படுத்துவதில்லை. உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கின்றன. இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்கிறது. பென்சிலை நேராகப் பிடித்து, கட்டைவிரலால் அளவு குறித்து, இவற்றை மட்டும் முதலில் லேசான கோடுகளாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இமைமுடிக்கு அவசரமே இல்லை.

தலை அசைந்துகொண்டே இருப்பதுதான் பெரிய தொல்லை. அதற்கு எளிய வழி உண்டு. கண்ணாடியில் ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு முறை நிமிரும்போதும் மூக்கு நுனியை அந்தப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். மூக்கும் கன்னமும் அப்போதுதான் மேடு பள்ளத்தோடு எழுந்து வரும்.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகன் 1484இல் இப்படித்தான் உட்கார்ந்தான். ஆல்பிரெக்ட் ட்யூரர், வயது 13. கிராஃபைட் பென்சில் வராத காலம். பூச்சு பூசிய தாளில் வெள்ளிமுனைக் கோலால் கீறினான். போட்ட கோட்டை அழிக்க முடியாது. கண்ணாடியைப் பார்த்து, சிறுவனாக இருந்தபோது வரைந்தது என்று பிற்காலத்தில் அவரே அதன் மேல் எழுதிவைத்தார். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தப் படத்தில், குழந்தைக் கன்னத்தின் உப்பல்கூட மெல்லிய கோடுகளில் நிற்கிறது. பதின்மூன்று வயதுக்கு இது பேராற்றல், ஐயமே இல்லை.

நமக்கு வசதி அதிகம். 1795இல் பிரான்சின் கோந்த்தே, கிராஃபைட் பொடியில் களிமண் கலந்து சுடும் முறையைக் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் முனை கெட்டி, குறைந்தால் மிருது, கருமை. அளவெடுக்க எச்பி, நிழலுக்கு 2பி, 4பி, தலைமுடியின் ஆழத்துக்கு 6பி என்று நாலு பென்சிலில் ஒரு முகம் அடங்கிவிடும். விரலால் தேய்க்காதீர்கள், நம் ஊர் வியர்வையில் தாள் திட்டுத்திட்டாகிவிடும். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணை வரையும்போது நன்றாக உற்றுப் பாருங்கள். விழியின் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இல்லை. மேலிமையின் நிழல் அதன் மேல் சாம்பலாக விழுந்திருக்கிறது. ஓரங்களுக்குப் போகப் போக இன்னும் மங்குகிறது. அந்தச் சாம்பலைப் பூசியதும் தட்டையாக இருந்த கண் உருண்டையாகும். கருவிழியில் மின்னும் புள்ளிக்கு மட்டும் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

செல்ஃபி எடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்பார்கள். கைநீட்டும் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். நிழலில் இருக்கிற நுட்பமான சாயல்களையும் கேமரா பெரும்பாலும் ஒரே கறுப்பாக விழுங்கிவிடுகிறது. கண்ணாடியில் அவை அத்தனையும் உயிரோடு இருக்கின்றன.

பள்ளி ஓவிய வகுப்புகளில் அச்சுப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும் பழக்கம் போதும். ஆசிரியர்களே, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சிறு கண்ணாடியைக் கொடுங்கள்.