கமக்காரர் வீட்டிற்குச் சூரிய மின்சாரம்: மின்கலத்துடன் அமைக்கும் முறை

கண்டி மாவட்டத்திற் கூரைமேற் சூரியப் பலகை பொருத்திய வீடுகள் இக்காலத்தில் அரிய காட்சியல்ல. ஆயினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபொழுது, அப்பலகைகளை உடையோருட் பலர் அயல்வீட்டாரைப் போன்றே குப்பிவிளக்கேற்றி இருக்க நேர்ந்தது. நண்பகலில் வெயில் எரிக்கவும் கிணற்றுப் பம்பி ஓடவில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபொழுதும் இதுவே நடந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவும் இம்மாவட்டத்தின் பாதைகளையும் மின்கம்பிகளையும் அழித்தபொழுது, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளிற் கிடந்தன. தெல்தெனியாப் பகுதியில் 210 மெகாவாற்று வலுவுள்ள விக்டோரியா மின்னிலையத்தின் அயலிலே குடியிருப்பதனால் மட்டும் ஒருவருக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைத்துவிடாது.

பலகை இருந்தும் விளக்கு எரியாமைக்குக் காரணம் யாது? சூரியப் பலகை உண்டாக்குவது நேரோட்ட மின்சாரம். வீட்டு உபகரணங்களுக்கு வேண்டுவது ஆடலோட்ட மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுங் கருவியே இன்வேட்டர் ஆகும். பொதுவழங்கலுடன் மட்டும் இணைக்கப்பட்ட இன்வேட்டர், தெருக்கம்பியில் வரும் மின்சாரத்தை அடியொற்றியே இயங்கும். தெருக்கம்பியில் மின்சாரம் அற்றவுடன் அதுவுந் தானாக நின்றுவிடும். இதனைக் குறையென்று எண்ணலாகாது. கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைப் பொருத்தும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லையென நம்பியே கை வைக்கின்றார். ஒரு வீட்டின் கூரையிலிருந்து மின்சாரம் அக்கம்பிக்குள் பாயுமாயின் அவர் உயிர் போகும். ஆகவே மின்தடையின் போதும் வீட்டில் மின்சாரம் வேண்டுவோர், தடை நேர்ந்தவுடன் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து தானே துண்டித்துக்கொள்ளும் கலப்பு இன்வேட்டரையும், மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரியையும் பெறுதல் வேண்டும். விற்பனையாளரிடம் முதலிற் கேட்கவேண்டிய வினா, “தெருமின்சாரம் நின்றால் இது வேலை செய்யுமா?” என்பதே. மறுமொழியை விலைக்கூற்றில் எழுதி வாங்குக.

அடுத்து, எவ்வளவு பெரிய அமைப்பு வேண்டுமெனக் கணக்கிடல் வேண்டும். அயலார் 5 கிலோவாற்று வைத்தார் என்பதற்காக நாமும் அதனை வைத்தல் பணத்தை வீசுவதாகும். மரக்கறிக் கமக்காரர் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாற்று விளக்கு ஆறு, 5 மணித்தியாலம் எரிய 270 வாற்று-மணி செல்லும். 60 வாற்று மின்விசிறி 6 மணித்தியாலம் சுழல 360; தொலைக்காட்சிக்கு 180; கைத்தொலைபேசி முதலியவற்றுக்கு 100; குளிர்சாதனப் பெட்டிக்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000. கூட்டினால் 1,910 வாற்று-மணி, அதாவது ஏறக்குறைய 1.9 அலகு. ஒரு குதிரைவலுப் பம்பி ஒரு மணித்தியாலம் ஓட இன்னும் ஓரலகு வேண்டும். ஆக மொத்தம் 2.9 அலகு.

கண்டிப் பகுதியில் 1 கிலோவாற்றுப் பலகைகள் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 3 முதல் 4 அலகு தரும். எனவே 550 வாற்றுப் பலகை மூன்று மேற்கூறிய வீட்டுக்குப் போதும். அவை ஏறத்தாழ 8 சதுரமீற்றர் இடங்கொள்ளும். ஆயினும் சராசரியை மட்டும் நம்பி இருத்தலாகாது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை விடாது பெய்யும் நாட்களில் நல்ல வெயில்நாளின் நாலிலொரு பங்கு கிடைப்பதே அரிது. பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் அக்காலமே மின்கம்பிகள் மிகுதியாக அறும் காலமுமாம். அந்நாட்களில் பம்பியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியையும் விளக்கையும் மட்டும் பேணுவதென முன்னரே தீர்மானித்தல் நன்று.

இரவுத் தேவையை மட்டும் பற்றரி தாங்கினாற் போதும். மேற்கண்ட கணக்கில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பாதியைக் கொண்டால் அது 1,410 வாற்று-மணியாகும். பற்றரியின் முழுக் கொள்ளளவையும் எடுத்தல் கூடாது. லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியில் நூற்றுக்கு 80 பங்கும், ஈய-அமிலப் பற்றரியிற் பாதியுமே எடுக்கலாம். இன்வேட்டரில் வீணாவதையுஞ் சேர்த்துக் கணக்கிட்டால், லிதியம் வகையில் 2 கிலோவாற்று-மணியும், ஈய வகையில் 12 வோற்று 150 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டும் ஓரிரவுக்குப் போதியன. சூறாவளிக் காலத்தைப்போல் இரண்டாம் இரவையுங் கடக்க எண்ணுவோர் அதனை இருமடங்காக்குக.

உழவு இயந்திரத்தின் அல்லது லொறியின் பழைய பற்றரியை இணைக்கலாமா எனப் பலர் வினவுகின்றனர். இணைக்கலாகாது. அப்பற்றரி இயந்திரத்தைக் கிளப்புவதற்காகக் கணநேரம் பெருமின்னோட்டம் கொடுக்கச் செய்யப்பட்டது; இரவுதோறும் ஆழமாக வெறுமையாக்கினால் சில மாதங்களில் அழியும். ஈய வகை முதல் விலையில் மலிவு; ஆனால் நீர் குறையாமற் காய்ச்சிவடித்த நீர் விடுதல் வேண்டும், மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருமாதலாற் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். லிதியம் வகைக்கு விலை கூடுதல். ஆயினும் பேணல் மிகக் குறைவு, ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கலாம். கைமுதல் இருப்போர் லிதியம் வகையையே தேர்தல் நல்லது. எவ்வகையாயினும் நெல் மூட்டை, உரம், மண்ணெண்ணெய், பூச்சிநாசினி ஆகியன வைக்கும் அறையிற் பற்றரியை வைக்கலாகாது.

இவ்வமைப்பில் மிக மலிவான சேமிப்பு பற்றரியன்று, நீர்த்தொட்டியே. ஓரலகு மின்சாரம் சாதாரணப் பம்பியொன்றால் 20 மீற்றர் உயரத்துக்கு ஐயாயிரம் முதல் ஏழாயிரம் லீற்றர் நீரை ஏற்றும். ஆகவே போஞ்சி, லீக்ஸ், கோவா, தக்காளிப் பாத்திகளுக்கு வேண்டிய நீரைப் பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏற்றிவிட்டு, மாலையில் வாயில் திறந்து பாய்ச்சுக. மலைச்சரிவான நமது காணிகள் இதற்கு மிக ஏற்றவை. பம்பி கிளம்பும் கணத்தில் தன் வழக்கமான அளவின் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே ஒரு குதிரைவலுப் பம்பியை ஓட்ட 1 கிலோவாற்று இன்வேட்டர் போதாது. 3 கிலோவாற்றளவு வேண்டும். நெல்லரைக்கும் ஆலையை வீட்டமைப்பினால் ஓட்ட முயலுதல் வீண்வேலை.

பலகைக்கு இடந்தேர்வதில் கண்டி மக்களுக்குத் தனித்தொல்லை ஒன்றுண்டு. பள்ளத்தாக்கிலுள்ள வீட்டின் மேல் காலையிலும் மாலையிலும் மலையின் நிழல் விழும். எஞ்சிய நேரத்திற் பலாவும் கித்துளும் நிழல் கொடுக்கும். தொடராக இணைத்த பலகைகளில் ஒன்றின்மேல் நிழல் விழினும் மற்றவற்றின் பயனுங் குன்றலாம். காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி ஆகிய வேளைகளில் நிழலை நேரிற் பார்த்துக் குறித்துக்கொள்க. டிசம்பரில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 31 பாகை தெற்கே சாயும். ஜூனில் 16 பாகை வடக்கே நிற்கும். ஆதலால் ஒரு மாதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. பலகை தெற்கு நோக்கி 10 பாகையளவு சாய்ந்திருத்தல் நன்று. மழைநீர் தேங்காது தூசியையுங் கழுவிச் செல்லும்.

550 வாற்றுப் பலகை ஒன்று 28 கிலோகிராம் அளவு நிறையுடையது. பழைய ஓட்டுக் கூரையாயின் கைமரங்கள் உளுத்திருக்கின்றனவா என முதலிற் சோதிக்க. குரங்குகள் கூரைமேல் திரியும் ஊர்களில் வயர்களைக் குழாயினுட் செலுத்துதல் கட்டாயம். ஏப்பிரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல் இடிமுழக்கங்களை நினைத்து, நிலத்தொடுப்பும் மின்னற்காப்புக் கருவியுஞ் சேர்க்கும்படி கேட்க. மண்சரிவு அபாயமுள்ளதென அறிவிக்கப்பட்ட காணியில் இருப்போர் பெருந்தொகையைக் கூரையில் முடக்காது, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க ஒரு பலகையும் சிறு பற்றரியும் கொண்ட அமைப்புடன் நிற்றலே புத்தி. வெளியேறவேண்டிய இரவில் விளக்கும் தொலைபேசியுமே பெருந்துணை.

காட்டுப்பன்றியைத் தடுக்க இன்வேட்டரிலிருந்து வேலிக்கம்பிக்கு மின்சாரம் கொடுக்க எவரும் எண்ணலாகாது. அது வீட்டு மின்சாரத்தைப் போன்றே 230 வோற்று வலுவுள்ளது. பன்றியை மட்டுமன்றி, விடியற்காலையில் வயற்பார்க்க வரும் அயலாரையும் கொல்லும். சட்டமும் அதனைத் தடுக்கின்றது. மின்வேலிக்கென்றே செய்யப்பட்ட துடிப்புக் கருவியே தக்கது.

மிகுதி மின்சாரத்தை விற்றல் பற்றியும் ஒரு சொல். 2016இல் தொடங்கிய சூரியபல சங்கிராமயத் திட்டத்தில் முதல் ஏழாண்டுக்கு அலகுக்கு 22 ரூபா கொடுபட்டது. பின்னர் விலை பலமுறை மாறியுள்ளது. 2025 ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தமையால், பகலிற் கூரைமின்னிலையங்களை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளரை வேண்டியது. எனவே விற்பனை வருவாயை மட்டும் நம்பிக் கடன் வாங்குவோர் நன்கு ஆராய்தல் வேண்டும். மின்பட்டியல் சிறிதாய், தடையும் அரிதாய் உள்ள வீட்டுக்குப் பற்றரி அமைப்பு இலாபந் தராதென்பதையும் ஒளிக்காது கூறுகின்றோம். அது தடைக்காலத்துக்கான காவல். தெருமின்சாரத்துடன் இணைப்பதாயின் பிரதேச மின்சார அலுவலகத்தின் அனுமதி முன்னரே பெறல் வேண்டும். இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையிற் பதிவு செய்த நிறுவனத்தையே வேலைக்கு அமர்த்துக.

பலகை இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். பற்றரி அவ்வளவு காலம் நில்லாது. அதனை மாற்றுதற்குரிய பணத்தை ஒவ்வோர் அறுவடையிலுஞ் சிறிது சிறிதாக ஒதுக்கிவருக. பழுதான ஈயப் பற்றரியைக் கிணற்றடியிலோ வாய்க்காலோரத்திலோ உடைத்தூற்றாது விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க. அதிலுள்ள ஈயமும் அமிலமும் நீருடன் வயலுக்கும் உணவுக்கும் வந்துசேரும்.