பட்டினி நகரம் வாசித்த சிம்பொனி

1942 ஆகஸ்ட் 9. பம்பாயில் பொழுது விடிவதற்குள் காந்தியைக் கைது செய்துவிட்டது பிரிட்டிஷ் போலீஸ். அதே நாள் மாலை, ஜெர்மன் படைகள் 11 மாதங்களாக முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடில், எலும்பும் தோலுமாக இருந்த இசைக்கலைஞர்கள் பில்ஹார்மோனிக் அரங்கின் மேடை ஏறினார்கள். வாசித்தது திமித்ரி ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி. கச்சேரி நேரத்தில் எதிரியின் பீரங்கிகள் வாய் திறக்கக் கூடாது என்று சோவியத் பீரங்கிகள் முன்னதாகவே அவற்றின் மீது குண்டு மழை பொழிந்திருந்தன. இப்படியொரு பக்கவாத்தியம் வேறெந்தக் கச்சேரிக்கும் அமைந்திருக்காது.

நகரின் பெயர்பெற்ற இசைக்குழு முன்பே சைபீரியாவிலுள்ள நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்தது வானொலி நிலையத்தின் குழு மட்டுமே. அதுவும் பெயரளவில்தான். 1941 நவம்பரில் சாதாரண மக்களுக்கான ரொட்டி ரேஷன் நாளொன்றுக்கு 125 கிராம். அந்தக் குளிர்காலத்தில் செத்தவர்களில் இசைக்கலைஞர்களும் உண்டு. வசந்தத்தில் கார்ல் எலியாஸ்பெர்க் ஒத்திகைக்கு அழைத்தபோது வந்து சேர்ந்தவர்கள் சுமார் 15 பேர். காற்றுக் கருவிகளை ஊத மூச்சு இல்லை. ஒத்திகை கால் மணி நேரத்தில் முடிந்தது. எலியாஸ்பெர்க்கே பட்டினியால் படுத்து சிகிச்சை பெற்றவர்தான். சிம்பொனிக்கோ நூறு பேர் வேண்டும். போர்முனையிலிருந்து வாத்தியம் தெரிந்த சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டார்கள். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் உணவு கிடைத்தது; தாமதமாக வந்தால் அதில் வெட்டு விழுந்தது. மனிதர் கடுமையானவர். அந்தக் கடுமை இல்லாவிட்டால் கச்சேரி நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஷோஸ்டகோவிச் பிறந்து வளர்ந்தது அந்த நகரத்தில்தான். இளமையில் சினிமாக் கொட்டகையில் மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 19 வயதில் முதல் சிம்பொனி, உலகப் புகழ். கனத்த கண்ணாடி, ஓயாத சிகரெட், கால்பந்துப் பைத்தியம். மனிதர்களைக் கண்டால் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் பயமும் சேர்ந்துகொண்டது 1936 ஜனவரியில். அவருடைய ஓபரா ஒன்றை ஸ்டாலின் பார்த்துவிட்டுப் போன இரண்டாவது நாள், அது இசையே அல்ல, குழப்பம் என்று கண்டித்து 'பிராவ்தா'வில் பெயரில்லாத தலையங்கம் வந்தது. அடுத்த ஆண்டு, அவரை ஆதரித்த மார்ஷல் துகாசெவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காளின் கணவர் கைதானார். நான்காவது சிம்பொனியை ஒத்திகையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார் ஷோஸ்டகோவிச். அது மேடையேற 25 ஆண்டுகள், 1961 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணி தெரியாமல் ஏழாவது சிம்பொனியைக் கேட்டால் அது வெறும் போர்ச் சித்திரமாகத்தான் தோன்றும். 1941 கோடையில் எழுத ஆரம்பித்தார். பகலில் இசைக் கல்லூரிக் கூரையில் தீயணைப்புக் காவல். மற்ற நேரத்தில் எழுத்து. அக்டோபர் தொடக்கத்தில் விமானத்தில் வெளியேற்றப்பட்டபோது மூன்று பகுதிகள் முடிந்திருந்தன. நான்காவதை, இன்று சமாரா என்று அழைக்கப்படும் குய்பிஷெவ் நகரில், டிசம்பரில் முடித்தார். 1942 மார்ச்சில் அங்கேயே அரங்கேற்றம். பிறகு மைக்ரோஃபிலிமாக டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, ஜூலையில் டோஸ்கனினி நடத்த வானொலியில் ஒலித்தது. தீயணைப்பு வீரரின் தலைக்கவசத்தோடு ஷோஸ்டகோவிச்சின் படம் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் வந்தது.

எல்லோரையும் கட்டிப்போட்டது முதல் பகுதியின் நடுவே வரும் அணிவகுப்பு. சிறிய முரசு ஒன்று காதில் விழுந்தும் விழாமலும் தட்ட ஆரம்பிக்கிறது. அதன் மேல் ஓர் அற்பமான மெட்டு; தெருவில் சீட்டியடித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அந்த மெட்டு மாறுவதே இல்லை. வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஒரு டஜன் தடவை அதுவே திரும்பத் திரும்ப வரும்போது விளையாட்டு பயங்கரமாகிவிடுகிறது. நம் சங்கீதத்தில் ஒரு வரியை நிரவலில் விரித்துக்கொண்டே போனால் அதற்குப் புதுப் புது முகங்கள் கிடைக்கும். இங்கே நடப்பது நேர் எதிர். முகமே இல்லாத ஒன்று வெறும் பருமனால் வளர்கிறது. மெட்டின் ஒரு துண்டு ஹிட்லருக்குப் பிடித்த 'மெர்ரி விடோ' ஆபரெட்டாவை நினைவூட்டுவது தற்செயலாக இருக்க முடியாது. எல்லோரும் மயங்கிவிடவில்லை. ஹங்கேரிய மேதை பார்டோக் 1943-ல் தன் படைப்பு ஒன்றில் அந்த மெட்டைக் கேலி செய்து சிரித்தார்.

அணிவகுத்து வருவது யார்? ஹிட்லரின் படை என்பது அன்றைய அதிகாரபூர்வ விடை. 1979-ல் ஷோஸ்டகோவிச்சின் நினைவுக் குறிப்புகள் என்று சோலமன் வோல்கோவ் அமெரிக்காவில் வெளியிட்ட புத்தகம் அந்த விடையைப் புரட்டிப்போட்டது. ஸ்டாலின் ஏற்கெனவே அழித்துவிட்ட லெனின்கிராடுக்கான புலம்பல் இது என்றது அது. ஆனால் ஷோஸ்டகோவிச் கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பக்கங்கள் சில, அவருடைய பழைய கட்டுரைகளின் நகல் என்று அமெரிக்க ஆய்வாளர் லாரல் ஃபே மறு வருடமே காட்டினார். சண்டை இன்னும் ஓயவில்லை. அதைவிட நம்பத்தக்கது, குய்பிஷெவில் அதே கட்டடத்தில் குடியிருந்த ஃப்ளோரா லித்வினோவா சொன்னது. இது ஃபாசிசத்தைப் பற்றி மட்டுமல்ல, மனிதனை அடிமையாக்கும் எந்த ஆட்சியையும் பற்றியது என்று ஷோஸ்டகோவிச் தன்னிடம் சொன்னதாக அவர் நினைவுகூர்ந்தார். முற்றுகையை நேரில் பார்த்தவர், கதவு தட்டப்படும் என்று இரவுகளில் காத்திருந்தவர், இரண்டும் ஒரே ஆள். எந்தப் பயத்தை எந்த ஸ்வரத்தில் வைத்தார் என்று பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை. ஆரம்பத்தில் நான்கு பகுதிகளுக்கும் 'போர்', 'வெற்றி' என்றெல்லாம் வைத்த தலைப்புகளை அவரே எடுத்துவிட்டார்.

லெனின்கிராடில் அன்று வாசித்தவர்களுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கச்சேரி ஒலிபெருக்கிகளில் நகரம் முழுவதும் ஒலித்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி ஜெர்மன் சிப்பாய்கள் காதிலும் விழும்படி செய்யப்பட்டது. முற்றுகை விலக 1944 ஜனவரி வரை ஆயிற்று. பிறகு பெரிய இசைக்குழு திரும்பி வந்தது. அதன் தலைவர் ம்ராவின்ஸ்கி தன் இடத்தில் அமர்ந்தார். எலியாஸ்பெர்க்குக்கு அங்கே இடம் இல்லை. வெளியூர்களில் கிடைத்த கச்சேரிகளை நடத்திக்கொண்டிருந்தார். 1964 ஜனவரியில், உயிரோடு மிஞ்சியிருந்த பழைய கலைஞர்களைக் கூட்டி அதே அரங்கில் அதே சிம்பொனியை மறுபடி நடத்தினார். கேட்க வந்தவர்களில் ஷோஸ்டகோவிச்சும் ஒருவர்.