உஷார்! கயிற்றைத் தாண்டாதீர்கள்

மட்டாஞ்சேரிப் பிள்ளைகளே, டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அம்மாமார்களே, நீங்களும்தான்.

பனியைப் பார்ப்பது, ஸ்லெட்ஜில் ஏறுவது, போட்டோ எடுப்பது என்றால் எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள். ஆனால் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு வேறு. 'பவுடர்' வேண்டுமாம். யாரும் கால் வைக்காத, இடுப்பளவு புதுப்பனியில் ஸ்கீயிங் செய்ய வேண்டுமாம். கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், 'கேட் ஸ்கீயிங்' என்று உண்டு. பட்டைச் சக்கரத்தில் ஓடும் ஸ்னோகேட் வண்டி ஆட்களை ஆளரவமற்ற மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து சறுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். டொரொன்டோ சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அவ்வளவு செலவு எதற்கு, காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறதே, கண்டோலா ரோப்காரில் ஏறினால் அதுவே மேலே கொண்டுபோய் விடுமே என்று கணக்குப் போடுகிறார்கள்.

ஆமாம், கொண்டுபோய் விடும். ஆபத்தே அதுதான்!

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். கண்டோலாவின் இரண்டாம் கட்டம் உங்களை அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோகும். காயலோரத்தில் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு நம்முடையது. காலையில் நெடும்பாசேரியில் விமானம் ஏறி, மறுநாளே அந்த உயரத்தில் போய் நின்றால் அது தாங்குமா?

நமக்குத் தெரிந்த ஒரு பையன். பெயர் வேண்டாம், அவன் அம்மா இதைப் படிப்பார். ஆரம்பக்காரர்கள் பழகும் சரிவில் கொஞ்சம் கற்றுக்கொண்டதும் மேலே போய்விட்டான். கூட வந்தவர், "எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நல்ல பனி" என்றாராம். தாண்டினான். முதல் திருப்பத்திலேயே விழுந்தான். ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் போய்விட்டது. கையால் துழாவித் துழாவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. எழுந்து நடக்கலாம் என்றால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்புவரை புதைகிறது. அதற்குள் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல். உதடு நீலம் பாரித்துவிட்டது. கூட வந்தவரோ முன்னாலேயே சறுக்கிப் போய்விட்டார். பின்னால் வந்த வேறொரு கோஷ்டி கண்ணில் பட்டதால்தான் பிள்ளை இன்று வீட்டில் இருக்கிறான்.

அவன்மேல் பனி சரியவில்லை. சரிந்திருந்தால்?

2023 ஜனவரி 30 நினைவிருக்கிறதா? ஸ்ரீநகரில் பனி கொட்டக் கொட்ட பாரத் ஜோடோ யாத்திரையின் நிறைவுக் கூட்டம் நடந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். பனி எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டோம். சரியாக இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, அஃபர்வத்தின் ஹபத்குட் பக்கம் பனிச்சரிவு. போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 19 வெளிநாட்டவர்களை மீட்டார்கள். 2024 ஜனவரியில் பெரும்பாலான நாள் குல்மார்க்கில் பனியே இல்லை, மைதானம் காய்ந்து கிடந்தது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. 22ஆம் தேதி பனிச்சரிவு. ரஷ்யாக்காரர் ஒருவர் போய்விட்டார். இவர்களெல்லாம் பனி நாட்டுக்காரர்கள். அதுவும் போகட்டும். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த நம் ராணுவ வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு பலிகொண்டது. மலைப் போருக்கென்றே பழகியவர்களுக்கே அந்தக் கதி!

நீங்கள் தேடிப் போகிற புதுப்பனிதான் ஆளைக் கொல்கிறது. இதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை.

நாட்கணக்கில் வறண்டு கிடந்த பழைய பனி, சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் ஒரே இரவில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் கொட்டினால் மேல் அடுக்குக்குப் பிடிமானம் கிடையாது. ஒரு ஆள் பாரம் போதும், பாளமாகப் பிளந்து இறங்கும். பனிச்சரிவில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ, கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வு மிக மோசம். ஸ்கீயிங்குக்கு ஆசை காட்டுவதும் அதே சாய்வுதான்.

காலடியில் 'தொம்' என்று பனி அமுங்குகிற சத்தம் கேட்டால் திரும்பிவிடுங்கள். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும் திரும்பிவிடுங்கள். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் இருந்தால், காற்று ஒரே பக்கமாகப் பனியைக் குவித்திருந்தால், திடீரென்று வெயில் சுள்ளென்று அடித்தால், அன்றைக்கு வேண்டாம். பனி நின்று வானம் நீலமாகத் தெளிந்த முதல் நாள்தான் எல்லோருக்கும் கால் பரபரக்கும். அன்றைக்குத்தான் ரொம்ப உஷார்!

கண்டோலாவை ஒட்டிய எல்லைக்குள் ஸ்கீ பேட்ரோல்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் வெடி வைத்து முன்கூட்டியே பனியைச் சரியவைப்பார்கள். எல்லைக்கு வெளியே அந்தக் காவல் கிடையாது.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் மிஞ்சினாலே பெரிது. கீழேயிருந்து ஆள் வந்து சேர அந்த நேரம் போதாது. கூட இருக்கிறவன்தான் தோண்ட வேண்டும். அதனால் ஒவ்வொருவர் உடம்பிலும் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன், பையில் பனிக்குள் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி, தோண்டும் ஷவல். மூன்றும் வேண்டும். வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டால் ஆயிற்றா? நண்பனின் பீக்கனைப் பனியில் புதைத்துவைத்துத் தேடிக் கண்டுபிடித்துப் பழகினீர்களா? பழகவில்லையென்றால் எல்லைக்குள்ளேயே இருங்கள். மேலே போவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு ராத்திரி குல்மார்க்கில் தங்குங்கள். தலைவலி, வாந்தி என்றால் பொறுத்துப் பார்க்காதீர்கள். உடனே கீழே இறங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், பலருக்குத் தெரியாது. கேரளத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். துபாயிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கி அனுப்பினால் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஏஜென்ட் பணம் கேட்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். வழிகாட்டிக்குப் பனிச்சரிவு மீட்புப் பயிற்சி உண்டா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை அன்றன்று காலையில் பார்ப்பாரா? எல்லைக்கு வெளியே விழுந்தால் இந்த இன்சூரன்ஸ் செல்லுமா? பல பாலிசிகளில் செல்லாது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.